வலது பக்கம் துடித்தவன்

ராஹி முதலில் உடைத்தது கணினித் திரையை. துப்பாக்கிக் கட்டையால் ஒரே இடி. சில்லுகள் ஸஹ்ரூனின் மடியில் கொட்டின. அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அடிப்பார்கள், உட்கார்ந்தே இருந்தால் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தார். கேள்வி கேட்பவனிடம் பதில் சொல்லிப் பார்க்கலாம்.

"இதுலதான பாத்த?"

"இதுலதான் பாத்தேன்."

"எங்க அண்ணனைத் திருப்பிப் போட்டதும் இதுலதான?"

ராஹியோடு வந்த இரண்டு பேர் எக்ஸ்ரே எந்திரத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது கூரையிலிருந்து தொங்குவது. லேசில் வராது. ஒருவன் மேசைமேல் ஏறி அதன் முழங்கை போன்ற மூட்டில் இரும்புக் கம்பியால் அடித்தான். நான்காவது அடியில் அது தளர்ந்து தலை குனிந்தது. பதினொரு வருடம் அவர் துடைத்து வைத்த எந்திரம்.

"கையை மேசை மேல வை" என்றான் ராஹி.

"தம்பி, நான் சொல்றதைக் கேளு..."

"நான் உனக்குத் தம்பியா? ஆத்துல முங்கி எந்திரிக்கிறவன் நீ. உங்க ஆளுங்க ஆயுதமே தொடமாட்டாங்களாமே. அப்புறம் எதுக்குடா எங்க ஆளக் கொல்லப் பாத்த? வை கையை. எந்தக் கையால திருப்புனியோ அந்தக் கை."

ஸஹ்ரூன் வலது கையை வைத்தார். ஏன் வைத்தார் என்று பிறகு பலமுறை யோசித்தார். ஒருவேளை அந்தக் கைமேல் அவருக்கே கோபம் இருந்திருக்கலாம். கட்டை இறங்கியபோது ஈரச் சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. முதலில் வலியில்லை. விரல்கள் மூன்று வேறு யாருடையவோ போல வேறு திசையில் கிடந்தன. பிறகு வலி வந்தது, அதோடு வாந்தியும் வந்தது.

வாந்தி ராஹியின் செருப்பில் தெறித்தது. அவன் அருவருத்துப் பின்னால் நகர்ந்தான். அந்த ஒரு எட்டு போதும். ஸஹ்ரூன் மேசைக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்து மாடிப்படியில் ஓடினார்.

*

அவர் திருப்பியது உண்மை.

வியாழக்கிழமை காலை தாமிர் வந்தான். கதவின் ஒரு பலகை எப்போதும் தாழிட்டிருக்கும். அன்று இரண்டையும் திறக்க வேண்டியிருந்தது. இருபத்தாறு வயது, நூற்று எழுபத்தெட்டு கிலோ. முகம் மட்டும் சின்னப் பையனுடையது.

"உங்க எந்திரத்துல நான் புடிப்பனா அண்ணே? இல்ல ரெண்டு துண்டா எடுத்து ஒட்டுவீங்களா?" என்றான்.

"ஊரையே புடிச்சிருக்கேன். உக்காருப்பா."

நெஞ்சைப் பலகையில் அழுத்தி நிற்க அவனால் முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, முதுகைப் பலகையில் சாய்த்து, முன்பக்கத்திலிருந்து எடுத்தார். அப்படி எடுத்தால் படம் இடம் வலம் மாறி விழும். அந்தப் பழைய எந்திரத்தின் குணம் அது. ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தித் திருப்பி, ஓரத்தில் இடது என்று எழுத்துப் போட வேண்டும்.

திருப்பினார். இதயம் வலது பக்கம் நின்றது. இரண்டு முறை அழுத்திவிட்டோம் போல என்று நினைத்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். போன மாதம்தான் டாக்டர் ஸுஹைர், எழுத்து மாறிப்போன ஒரு படத்தை அத்தனை பேர் முன்னால் அவர் முகத்தில் விட்டெறிந்திருந்தார். "உன் இடது கை எது தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். ஸஹ்ரூன் இன்னொரு முறை அழுத்தினார். இதயம் இடது பக்கம் வந்தது. வயிற்றின் காற்றுக் குமிழும் அதனோடு சேர்ந்து இடது பக்கம் வந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. கண்ணாடியில் பார்க்கும் ஆளிடம் குறை கண்டுபிடிக்க முடியுமா?

இதயத்துடிப்பு வரைபடம் எடுத்த நர்சும் வயர்களை மாற்றிப் போட்டுவிட்டோம் என்று நினைத்து மாற்றிப் போட்டாள் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் அதில் அவள் கையெழுத்து இல்லை. படத்தில் ஸஹ்ரூனின் கையெழுத்து இருந்தது.

படத்துக்குக் காத்திருந்தபோது தாமிர் தானாகவே பேசினான். வசந்தகாலத்தில் தண்ணீர் மோட்டாருக்காகப் பக்கத்துக் குலத்தாரோடு சண்டை. சுட ஆரம்பித்ததும் எல்லோரும் கரைக்குப் பின்னால் ஓடினார்கள். இவனால் ஓட முடியவில்லை. இவனை இழுத்துப் போகத் தம்பி திரும்பி வந்தான். தொண்டையில் குண்டு.

"என் மேலதான் விழுந்தான். இவ்வளவு பெரிய சுவரு நான் நிக்கிறேன், எனக்கு ஒண்ணுமில்ல. கொன்னவனை நான்தான் கொல்லணுமாம், கூடப்பொறந்தவன்ங்கிறதால. பெரியப்பா சொல்லிட்டாரு. மொதல்ல வயித்தக் கொறச்சுட்டு வா, அப்புறம் துப்பாக்கியத் தர்றேன்னு." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணே, உள்ள எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் அதது இடத்துல இருக்கு."

"நெசமாவா?"

"நான் பொய் சொன்னாலும் எந்திரம் சொல்லாதுப்பா."

தாமிர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெரிய மூச்சு ஒன்று விட்டான். அத்தனை பெரிய உடம்பு ஒரு மூச்சில் தளர்வதை ஸஹ்ரூன் கவனித்தார். அறுவைக்குப் பயந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, எடை குறைய இரைப்பையைச் சுருக்குவதற்காக ஸுஹைர் வயிற்றில் ஐந்து துளைகள் போட்டுக் கேமராவை உள்ளே விட்டார். இரைப்பை இருக்க வேண்டிய இடத்தில் கல்லீரல் இருந்தது. மயக்க மருந்து டாக்டர், "மூடிருங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார். ஸுஹைர் கதவுப் பக்கம் பார்த்தார். கதவுக்கு வெளியே பதினான்கு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், துப்பாக்கிகளை மடியில் வைத்துக்கொண்டு. போன வருடம் இதே ஊரில் ஒரு நோயாளி செத்தபோது டாக்டர் ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே கால்மூட்டில் சுட்டார்கள். வெட்டாமல் மூடினால் இவர்களுக்கு என்ன சொல்வது? ஸுஹைர் மேசையின் அந்தப் பக்கம் போய் நின்றார். முன்னூறு முறை செய்த வேலையைத் தலைகீழாகச் செய்ய ஆரம்பித்தார். கைக்குப் பழக்கமான இடத்தில் எல்லாம் அந்நியமான ரத்தக்குழாய்கள். மண்ணீரல் கிழிந்தது. மார்பெலும்பிலிருந்து தொப்புள் வரை வயிற்றைத் திறந்தார்கள். மண்ணீரலை எடுத்தார்கள். ஒன்பது பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஆள் பிழைத்தான்.

மறுநாள் மதியம் தாமிரின் பெரியப்பாவும் ராஹியின் அப்பாவுமான குலத்தலைவர் ஷேக் மிஜ்பில், ஸுஹைரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஐந்து நிமிடம். வெளியே வந்தபோது அவரிடம் ஒரு பெயர் இருந்தது.

*

தீவிரச் சிகிச்சை அறைக்குள் ஸஹ்ரூன் விழுந்தடித்து நுழைந்தபோது மூத்த நர்ஸ் கவ்கப், தாமிரின் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று காலையில்தான் தொண்டைக் குழாயை எடுத்திருந்தார்கள். பின்னால் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவருக்குக் குலம் இல்லை. பஞ்சாயத்தில் அவருக்காக உட்கார ஒரு ஷேக் இல்லை. ஆற்றில் முங்கிக் கும்பிடும் அவருடைய மாந்தையர் சனம் பெரும்பாலும் சிட்னிக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் போய்விட்டது. இந்த ஊரில் நாலு வீடு மிச்சம். ஆனால் ஐம்பது வருடம் இந்த மண்ணில் வாழ்ந்தவருக்கு இந்த மண்ணின் சட்டம் தெரியும். ஒருவன் வீட்டுக்குள் நுழைந்து அவன் துணியில் முடிச்சுப் போட்டால், அவன் உயிரைக் கொடுத்தாவது காக்க வேண்டும். மிச்சமிருந்த இடது கையால் தாமிரின் போர்வையைப் பிடித்து முடிச்சுப் போட்டார். பல்லால் இழுத்து இறுக்கினார்.

"தாமிர், நான் உன் அடைக்கலம். கடவுளுக்கு அடுத்தபடியா நீதான். உன் வீட்டுல நுழைஞ்சுட்டேன்."

தாமிர் கண்ணைத் திறந்தான். முடிச்சைப் பார்த்தான். ரத்தம் சொட்டும் கையைப் பார்த்தான். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது. அடைக்கலம் வந்தவனிடம் காரணம் கேட்பவனை ஆண்பிள்ளைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

ராஹி உள்ளே வந்து ஸஹ்ரூனின் தலைமுடியைப் பிடித்தான். தலையைக் கட்டில் கம்பியில் மோதினான். ஒருமுறை. இரண்டாம் முறை மோதுவதற்குள் தாமிரின் கை நீண்டு அவன் கழுத்தைப் பிடித்தது. மருந்துக் குழாய் பிய்ந்து ரத்தம் விரிப்பில் தெறித்தது.

"விடுடா அவரை" என்றான் தாமிர். குரல் மண்ணில் இரும்பு உரசுவதுபோல் இருந்தது.

"அண்ணே, இவன் யாருன்னு தெரியாம..."

"என் வீட்டுக்குள்ள நிக்கிறாரு. யாரா இருந்தா என்ன?"

மிஜ்பில் வாசலில் நின்றார். அறுபது வயது, ஒல்லி, சத்தமாகப் பேசாதவர். "கட்டில் வீடாகாது மகனே" என்றார். "வாடகைக்கு எடுத்த இடம். வீடுன்னா தரை வேணும், அடுப்பு வேணும், நடுவுல கம்பம் வேணும்."

தாமிர் கையை ராஹியின் கழுத்திலிருந்து எடுத்து, பக்கத்தில் மருந்துப் புட்டி தொங்கிய கம்பத்தைப் பிடித்தான். "கம்பம் இருக்கே பெரியப்பா. சோறு அதுலேருந்துதான் எறங்குது. இதைவிட என்ன வீடு?"

கவ்கப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். மிஜ்பில் சிரிக்கவில்லை. தாடையைத் தடவியபடி கட்டிலைச் சுற்றி ஒருமுறை பார்த்தார், அதன் எல்லையை அளப்பவர்போல.

"சரி. கட்டில் வரைக்கும் வீடு. கட்டிலை விட்டு ஒரு சாண் தள்ளி நின்னா அவன் எங்க ஆளு. நீ தூங்குவ, காய்ச்சல்ல கெடப்ப. எங்களுக்கு அவசரமில்ல."

ராஹியை இழுத்துக்கொண்டு போனார். வெளியே கதவருகே துப்பாக்கிகளைத் தரையில் வைக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

*

கவ்கப் விரல்களுக்குச் சட்டம் வைத்துக் கட்டினாள். ஸஹ்ரூன் கட்டிலின் கால்மாட்டில், தாமிரின் பாதங்களுக்கு இடையில் உட்கார்ந்தார். எந்திரம் ஒன்று துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ராஹி உட்கார்ந்து கத்தியால் நகம் சீவிக்கொண்டே இவரைப் பார்த்தான். இவரும் அவனைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தார். இவன் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டான். ஆனால் அந்தப் பாதங்கள் வீங்கி, மெழுகுபோல் வெளுத்து, அவர் தொடையில் உரசிக்கொண்டு கிடந்தன. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாயை மூடி உட்கார முடியும்?

"உன் படத்தை நான்தான் திருப்புனேன்" என்றார். "நான் தப்பா எடுத்துட்டேன்னு நெனச்சுத் திருப்புனேன். உன் இதயம் வலது பக்கம்தான் இருக்கு. எல்லாமே மாறித்தான் இருக்கு. அதனாலதான் உனக்கு இந்தக் கதி."

தாமிர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் போனது. ஸஹ்ரூன் கட்டிலிலிருந்து இறங்கிவிடலாமா என்று யோசித்தார். கதவு ஆறு எட்டுத் தூரம்.

"எனக்குத் தெரியும்ணே" என்றான் தாமிர்.

"என்ன தெரியும்?"

"எட்டு வயசுல. எங்க கூடத்துல விருந்தாளிங்க நிறைய. அவங்களுக்கு சலாம் வைக்கிறப்போ கையை நெஞ்சுல வைக்கணும்ல. நான் துடிக்கிற எடத்துல வச்சேன். எனக்கு இங்கதான் துடிக்கும்." கையை மெல்ல வலது மார்புக்குக் கொண்டுபோனான். "அப்பா அத்தனை பேர் முன்னாடி செருப்பைக் கழட்டி மூஞ்சியில அடிச்சாரு. கை எங்க வைக்கணும்னுகூடத் தெரியாத கழுதைன்னாரு. வாயெல்லாம் ரத்தம். துடிக்குதுப்பான்னு சொன்னேன், இன்னும் அடிச்சாரு. அப்புறம் நான் இடது பக்கமே வச்சுக்கிட்டேன். ஒண்ணும் துடிக்காத பக்கம்."

ஸஹ்ரூன் அந்தக் கையைப் பார்த்தார்.

"யார்ட்டயும் சொல்லல. சொன்னா ஜின்னுக்குப் பொறந்தவன்பாங்க. பொண்ணு தரமாட்டாங்க. டாக்டருட்டயும் சொல்லல. எந்திரம் சொல்லட்டும், நான் ஏன் சொல்லணும்னு வந்தேன். உங்ககிட்டக் கேட்டேன்."

"கேட்ட."

"நீங்க அதது இடத்துல இருக்குன்னீங்க. அன்னிக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமாண்ணே? என் கைதான் இத்தனை வருசமா பொய் சொல்லுச்சு, அப்பா சரியாத்தான் அடிச்சிருக்காருன்னு நெனச்சேன்."

அந்த மூச்சு எதற்கான மூச்சு என்று ஸஹ்ரூனுக்கு அப்போது புரிந்தது. ராஹி உடைத்த விரல்களைவிட அது வலித்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். எந்த வார்த்தையும் அந்தச் சந்தோஷத்தின் அளவுக்கு இல்லை.

*

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது தாமிருக்கு உடம்பு கொதித்தது. நாடி நூற்று முப்பது. உள்ளே எங்கோ தையல் கசிகிறது, மறுபடி திறக்க வேண்டும் என்றார் ஸுஹைர். ஸஹ்ரூன் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. மயக்கம் கொடுத்துக் கொண்டுபோக இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மயக்கம் என்றதும் வெளியே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ராஹி கத்தியை உறையில் போட்டான். தாமிர் அதைப் பார்த்தான்.

"கட்டில்ல நான் இல்லாட்டி வீடு இல்ல. உங்க ஆளுங்க எங்கண்ணே இருக்காங்க?"

"பெஞ்சாதி அமாரா டவுன்ல அவ தங்கச்சி வீட்டுல. அங்க எங்க ஆளுங்க பத்துப் பன்னெண்டு வீடு உண்டு."

"போதும். அடைக்கலம் வந்தவனை வாசல்ல விட்டுட்டு வர்றது எங்க வழக்கமில்ல. அவன் ஆளுங்க பக்கம் ஏத்திவிடணும்." கவ்கப்பைப் பார்த்தான். "அக்கா, உங்க வீட்டுக்காரரு டாக்ஸி ஓட்டுறாருல்ல?"

"எந்திரிச்சா வயிறு பிரிஞ்சுரும்டா பாவி" என்றாள் கவ்கப்.

"எப்படியும் பிரிக்கத்தான போறாங்க."

அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

தாமிர் எழுந்தான். முதலில் ஒரு கால், பிறகு கம்பத்தைப் பிடித்தபடி மற்ற கால். கட்டில் அலறியது. நின்றபோது முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. "என் முதுகுக்குப் பின்னாடியே வாங்க" என்றான். "ஒட்டிக்கிட்டு. வெக்கப்படாதீங்க."

கதவைத் திறந்தான். நடைபாதையில் பதினான்கு பேர். முன்னால் ராஹி. அவன் பக்கவாட்டில் நுழைந்து ஸஹ்ரூனின் தோளைப் பிடிக்கப் பாய்ந்தான். தாமிர் முழங்கையை வீசினான். ராஹியின் மூக்கு உடைந்தது. அவன் சுவரில் மோதிச் சரிந்தான். வெள்ளைச் சுவரில் சிவப்பாக ஒரு கோடு கீழே வந்தது.

இன்னொருவன் பின்னாலிருந்து வந்து ஸஹ்ரூனின் முதுகில் கட்டையால் இடித்தான். அவர் முழங்கால் மடங்கியது. தாமிர் திரும்பினான். கம்பத்தைத் தூக்கி அவன் மணிக்கட்டில் இறக்கினான். புட்டி உடைந்து தெறித்தது. அந்த வேகத்தில் தாமிரின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பழைய சாக்கு கிழிவதுபோல. எல்லோருக்கும் கேட்டது. அங்கியின் நடுவில் ஒரு கறை பூத்து, அகலமாகி, தொடைவரை இறங்கியது. முதலில் இளஞ்சிவப்பு நீர், பிறகு ரத்தம்.

அவன் இடது கையால் வயிற்றை அணைத்துக்கொண்டு நடந்தான்.

அதற்கப்புறம் யாரும் கிட்டே வரவில்லை. இவனைச் சுட முடியாது. இவனைத் தாண்டி அவரைச் சுடவும் முடியாது. நடைபாதையை இவன் உடம்பு அடைத்திருந்தது. அவர்கள் பின்னால் பின்னால் நகர்ந்தார்கள். ஸஹ்ரூன் அந்த ஈரமான முதுகில் நெற்றியை வைத்தபடி ஒவ்வொரு அடியாக வந்தார். உள்ளே இதயம் ஓடுவது நெற்றியில் தெரிந்தது. வலது பக்கம்தான்.

வாசலில் ஆறு படிகள். பக்கத்தில் தள்ளுவண்டிச் சரிவு. அதை அடைத்துக்கொண்டு குலத்தாரின் மூன்று பிக்கப் வண்டிகள். வெயில் அடித்தது. டீக்கடைக்காரர், மருந்துச்சீட்டோடு நின்ற பெண்கள், டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கவ்கப்பின் கணவர் வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

தாமிர் ஆறு படியும் இறங்கினான். கடைசிப் படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். உட்காரும்போது கைக்கும் அங்கிக்கும் நடுவில் குடலின் ஒரு வளைவு, மங்கலாகப் பளபளத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏறிக்கங்க" என்றான். ஸஹ்ரூன் வண்டிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மிஜ்பில் படியின் மேலே நின்றார். "அவன் போகட்டும். எங்க போயிருவான்? அமாரா என்ன கடலுக்கு அந்தப் பக்கமா?"

"பெரியப்பா" என்றான் தாமிர். ஊருக்கே கேட்கும்படி சொன்னான். "எனக்கு இதயம் வலது பக்கம். எட்டு வயசுலேருந்து தெரியும். நான் மறைச்சேன். டாக்டருட்ட மறைச்சேன், இவருட்டயும் மறைச்சேன்."

ஸஹ்ரூன் வாயைத் திறந்தார். இல்லை, நீ கேட்டாய், நான்தான் தவறாகச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். தாமிர் அவரை ஒரு பார்வை பார்த்தான். அவர் மூடிக்கொண்டார்.

"காய்ச்சல்ல பெனாத்துறான்" என்றார் மிஜ்பில்.

"வந்து கையை வச்சுப் பாருங்க. எல்லாரும் வாங்க. துடிக்குதான்னு பாத்துட்டுப் போங்க."

யாரும் வரவில்லை. டீக்கடைக்காரரின் பார்வை தாமிரின் மார்பில் நின்றது. அப்புறம் எல்லோருடைய பார்வையும். நாளைக்குள் எல்லா விருந்துக் கூடங்களிலும் இதுதான் பேச்சாக இருக்கும். எந்த வீட்டிலும் இவனுக்குப் பெண் கிடைக்காது. மிஜ்பிலுக்கும் அது தெரியும்.

"பழுதை மறைச்சு வித்தவனுக்கு வழக்கு கிடையாதுன்னு பஞ்சாயத்துல சொல்றது யாரு? நீங்கதான. மாட்டுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? சொல்லுங்க. இவர் மேல வழக்கு உண்டா, கிடையாதா?"

மிஜ்பில் தரையைப் பார்த்தார். ரத்தம் தாமிரின் அடியில் பரவி, புழுதியில் கறுத்து, ஒரு சிகரெட் அட்டையை நகர்த்திக்கொண்டு போனது.

"கிடையாது" என்றார்.

தாமிர் தலையசைத்தான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான்.

ஸஹ்ரூன் கதவை விட்டார். கவ்கப்பின் கணவர், "ஏறுய்யா, அவர் வார்த்தை மாறுறதுக்குள்ள" என்றார். அவர் ஏறவில்லை. போய்த் தரையில் மண்டியிட்டார். தலைத்துணி ஒன்றை யாரிடமிருந்தோ பிடுங்கி, வெளியே வந்ததன்மேல் போட்டு, இடது கையால் அழுத்தினார். சூடாக இருந்தது. உள்ளேயிருந்து கையைத் தள்ளியது.

"தூக்குங்க" என்றார். யாரும் அசையவில்லை. "நின்னுக்கிட்டிருந்தா இங்கயே செத்துருவான். தூக்குங்கடா."

"பிக்கப் வண்டிகளை எடுத்துட்டு சரிவுல தள்ளுவண்டியைக் கொண்டாங்க" என்று மேலேயிருந்து ஸுஹைர் கத்தினார். வண்டிச் சாவிகளைக் கையில் வைத்திருந்தவன் மணிக்கட்டு உடைந்து எங்கேயோ உள்ளே கிடந்தான். தேட நேரமில்லை. கவ்கப் ஒரு கம்பளியோடு ஓடி வந்தாள். அதில் உருட்டினார்கள். நாலைந்து பேர் விளிம்பைப் பிடித்தார்கள். தூக்கியபோது கம்பளி தரையை விட்டு ஒரு விரல்கூட எழவில்லை.

ராஹி படியிறங்கி வந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. துப்பாக்கியைக் கழற்றித் தரையில் வைத்தான். தலைமாட்டில் இரண்டு முனைகள் காலியாக இருந்தன. ஒன்றைப் பிடித்தான். ஸஹ்ரூனைப் பார்க்காமலே சொன்னான்.

"நீ அந்த முனையப் புடி."

"வயித்தை விட முடியாது. எனக்கு ஒரு கைதான் இருக்கு."

ராஹி துப்பினான். அவர் வலது கையின் கட்டுத்துணியை ஒரு நொடி பார்த்தான். "சித்தப்பா மவன் எடையில பாதி என் தலையில" என்று முணுமுணுத்தான். பிறகு மேலே பார்த்து, "அப்பா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எறங்கி வாங்க" என்றான்.

மிஜ்பில் இறங்கி வந்தார். தலைத்துணிமேல் சுற்றியிருந்த கயிறு நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. குனிந்து அந்த முனையைப் பிடித்தார்.

தூக்கினார்கள். முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவதில் ஒருவன் வழுக்கினான். கம்பளி சாய்ந்தது. ஸஹ்ரூன் முழு உடம்பையும் அந்தக் காயத்தின்மேல் போட்டு அழுத்தினார். தாமிர் கண்ணைத் திறந்தான்.

"கனக்குறனா?" என்றான்.

"வாயை மூடுடா" என்றான் ராஹி. "மூச்சை வீணாக்காத. இன்னும் மூணு படி."